நாலு அங்குலம்

"கேக்குதா?"

வாசலிலிருந்து மனைவி கத்தினாள். உள்ளே நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர், "நீ கத்துறது கேக்குது. காலடி கேக்கல" என்றார். அவருடைய வலது முழங்கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

கொத்தனார் மூட்டையிலிருந்த ஜல்லியை இன்னும் கொஞ்சம் கொட்டிப் பரப்பினார். கேட்டிலிருந்து கதவு வரைக்கும் நாற்பத்திரண்டு அடி. அகலம் நாலு அடி. சிமென்ட் காகிதத்தில் முதலில் பதினாலு கன அடி என்று எழுதி அடித்தார். பிறகு இருபத்தெட்டு என்று எழுதி அதையும் அடித்தார்.

"மூணு அங்குலம் ஆச்சும்மா. நாப்பத்திரண்டு கன அடி வேணும். இதுக்கு மேல ஏத்தினா வாசப்படி முங்கிடும்."

"முங்கட்டும். இவருக்குக் கேக்கணும்."

"பேசாம டைல்ஸ் போட்டுடலாமே" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

"டைல்ஸ்ல பூனை மாதிரி வந்துட்டுப் போயிடுவான். போன மாசம் அப்படித்தானே போனான்?" அவள் கொத்தனார் பக்கம் திரும்பினாள். "மூணு வருஷம் கழிச்சு எம்புள்ள வந்திருக்கான். இந்தக் கதவு வரைக்கும் வந்து நின்னிருக்கான். எதிர்வீட்டுத் தையல்காரர் பார்த்திருக்கார். அவனுக்குக் கூப்பிடத் தயக்கம். இந்த வாசல்ல காலை வைக்காதேன்னு அப்பன் சொன்னது மறக்குமா? நான் மத்தியானத் தூக்கத்துல கிடந்தேன். இவரு முழிச்சுத்தான் இருந்தாரு, இதே நாற்காலியில. என்ன பிரயோஜனம்? காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தின மாதிரி!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே இரண்டு முறை துடைத்த கண்ணாடி.

அவள் மறுபடி நடந்தாள். பல்லைக் கடிப்பதுபோல் ஜல்லி நறநறத்தது.

"கேக்குதா?"

"கேக்கல."

"இன்னும் ஒரு அங்குலம் ஏத்துங்க" என்றாள் அவள். "மெதுவா நடந்தா எப்படியிருக்குன்னும் பார்க்கணும். தயங்கித் தயங்கித்தானே வருவான்?"

கொத்தனார் மிச்சத்தையும் கொட்டிவிட்டு, கணக்கை மாற்றி எழுத உள்ளே வந்தார். காதில் செருகியிருந்த பென்சில் நழுவி விழுந்தது. அவர் குனிந்து தேடினார்.

"கட்டிலுக்கு அடியில போயிடுச்சு" என்றார், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர்.

கொத்தனார் பென்சிலை எடுத்தார். எழுதவில்லை. ஐம்பத்தாறு என்று எழுத வேண்டிய இடத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, பென்சில் உருண்டது கேக்குது. ஜல்லி கேக்கலையா?"

முழங்கால் ஆடுவது நின்றது.

"காது மந்தம்னு அன்னைக்கு அவகிட்ட சொல்லிட்டேன்" என்றார் தாழ்ந்த குரலில்.

வெளியே அவள் ஒவ்வோர் அடியாக, நின்று நின்று, மகனைப்போல நடந்து வந்தாள். கதவருகே வந்ததும் அசையாமல் நின்றாள்.

"இப்பவாவது கேக்குதா?"

"கேக்குது!" என்று உரக்கச் சொன்னார். பிறகு கொத்தனாருக்கு மட்டும் கேட்கும்படி, "அன்னைக்கு வெறும் மண்ணுலயே கேட்டுச்சுப்பா. கதவுக்கு இந்தப் பக்கம் தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், அவன் திரும்பிப் போற வரைக்கும்" என்றார்.

நாலு அங்குலத்துக்கே ஜல்லி போட்டார்கள். மகன் இன்னும் வரவில்லை. அவள் இப்போதெல்லாம் நிம்மதியாகத் தூங்குகிறாள். அவர் கதவுக்குத் தாழ் போடுவதில்லை.