நட்சத்திரம் போட்ட சொல்

ஜெர்மானிய மொழிகளுக்கெல்லாம் தாயான, எப்போதோ வழக்கொழிந்த மொழியை வீட்டிலேயே ஓர் இயந்திரத்துக்குப் பேசப் பழக்கிக்கொண்டிருந்தாள் தமயந்தி. அதில் ‘கொடு’ என்பதற்குக் ‘கெப்’. ஆய்வாளர்கள் ஊகித்துக் கட்டிய சொல். யாரும் பேசிக் கேட்டதில்லை என்பதற்கு அடையாளமாக, முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவார்கள்.

நாள் முழுக்கப் பேசும் அந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே கிடப்பாள் மகள் மகிழினி. இரண்டு வயதாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டரிடம் காட்டவிருந்தார்கள்.

அன்று தமயந்தி டீயில் பன்னை நனைத்தபோது மகிழினி கை நீட்டினாள்.

“கெப்.”

கணவன் கோமகனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. “அம்மான்னு கூப்பிடுவான்னு பாத்தா, என்ன பாஷைடி இது?”

தமயந்தி பன்னை அப்படியே குழந்தை கையில் கொடுத்தாள்.

“ஒரு ஆள் பேசிக் கேட்டாச்சுல்ல,” என்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணினியில் அந்த நட்சத்திரத்தை அழித்தாள்.