சிவப்புப் பட்டை

அம்பு பேசாது என்பவர்கள் வில்லாளி மாசாணத்தின் கொட்டகைக்கு ஒருநாளும் போனதில்லை. அங்கே ஒரு கிழட்டு மர அம்பு இருந்தது. வாலருகே அதற்கிருந்த சிவப்புப் பட்டை உதிர்ந்துபோயிருந்ததால், புதுச்சாயம் பூசுவதற்காக அதை மேசையில் கிடத்தியிருந்தார் அவர்.

பக்கத்து டப்பாவில் இருந்ததோ கிளிப்பச்சைச் சாயம். அம்புக்குப் பாதி உயிர் போய்விட்டது.

“தம்பி, எனக்குப் பச்சை வேண்டாம்ப்பா” என்றது தூரிகையிடம். “புல்லுக்குள்ள விழுந்தா யார் கண்ணுல படுவேன்?”

“குறியில போய்த் தைக்க வேண்டியதுதானே, அண்ணாச்சி?”

“இத்தனை வருஷத்துல ரெண்டே தடவைதான் தைச்சிருக்கேன். அதுல ஒண்ணு, காத்தடிச்சு குறியே என்மேல வந்து விழுந்தது” என்று அம்பு சிரித்தது. “மத்த நாளெல்லாம் புல்லுதான். நம்ம ஆளு புல்லை விலக்கி விலக்கித் தேடி வருவாரு. ‘இங்கயா கிடக்க, களவாணிப்பயலே’ன்னு தூக்கி, தோள் துண்டால மண்ணைத் துடைப்பாரு. அந்தச் சுகம் குறியில தைச்சவனுக்குத் தெரியுமா?”

மாசாணம் எடுத்ததுமே தூரிகை அவர் கையிலிருந்து நழுவி, பச்சை டப்பாவைக் கவிழ்த்துவிட்டது. அவர் முணுமுணுத்துக்கொண்டே பரணிலிருந்து பழைய சிவப்பை இறக்கினார்.

சாயம் காய்ந்த மறுநாள் காலை, அம்பு வில்லைவிட்டுப் பறந்து நேரே புல்லுக்குள் இறங்கியது. மாசாணம் தேடிக்கொண்டு வந்தார். அவர் வந்த வேகத்தில் சிவப்பு உடனே கண்ணில் பட்டுவிடும் போலிருந்தது. அம்பு சத்தம் காட்டாமல் வாலைப் புல்லுக்குள் இழுத்துக்கொண்டது. இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டுமே.