தயிர் ஊற்றிய மஃபின்

"அத்த, அதக் கீழ வெச்சிடுங்க. துன்னாதீங்க."

கஸ்தூரி கொல்லையிலிருந்து ஓடி வருவதற்குள் மாமியார் எல்லம்மாள் பாதி மஃபினை முடித்திருந்தாள். பக்கத்தில் கழுவாத சோற்றுத் தட்டு. அதில் சங்கரா மீனின் முள் கிடந்தது.

"ஏன்டி? எனக்குன்னுதான சுட்ட?"

"உங்களுக்குத்தான். நாளைக்குக் குடுக்கலாம்னு வெச்சிருந்தேன்."

"நாளைக்கு இன்னா, கேக்குக்குக் காது குத்தா?" எல்லம்மாள் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டாள். "சக்கர கம்மியா இருந்தாலும் நல்லாத்தான்டி இருக்குது. மெத்துன்னு."

கஸ்தூரி டப்பாவை இழுத்து மூடினாள்.

அத்தைக்குச் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. இனிப்பையும் எண்ணெயையும் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். மீன் விற்றுவிட்டு வரும் வழியில் டீக்கடை பன்னைப் பார்த்தால் கூடையை இறக்கிவிடும் மனுஷி, கேட்பாளா? அதனால்தான் கஸ்தூரி போனில் வீடியோ பார்த்து, கனிந்த வாழைப்பழமும் பப்பாளியும் பிசைந்து, பாதிச் சர்க்கரை போட்டு, எண்ணெய்க்குப் பதில் தயிர் ஊற்றி, சின்ன ஓவனில் சுட்டாள்.

அந்தத் தயிர்தான் இப்போது வினையாகிவிட்டது. மீன் தின்ற வாயில் தயிர் பட்டால் உடம்பில் வெள்ளைத் திட்டு விழும் என்று பனித்திட்டு ஊரில் இந்தத் தெரு முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. கஸ்தூரியும் அப்படிச் சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவள்தான். மீன் குழம்பு கொதிக்கும் நாளில் எல்லம்மாள் வீட்டுக்குள் தயிர் பாக்கெட் நுழையாது. நாளைக்குக் கிருத்திகை, அத்தை மீன் தொடமாட்டாள், அப்போது கொடுக்கலாம் என்று டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். அத்தை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள்.

"மூஞ்சி ஏன்டி பேயறைஞ்ச மாரி இருக்குது?"

"ஒண்ணுமில்ல அத்த. வெக்க."

"வெக்கன்னா முழுக்கை சுடிதார மாட்டிகினு நிக்கிற?"

"கொசு கடிக்குது."

"பட்டப்பகல்ல கொசுவாம்," என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லம்மாள் கை கழுவப் போனாள்.

புருஷன் பாக்யராஜ் கொச்சிப் பக்கம் மீன்பிடி போட்டில் வேலை செய்கிறான். பொங்கல் முடிந்து போனவன், இன்னும் ஊர் திரும்பவில்லை. சாயங்காலம்தான் போனில் கிடைத்தான். தயிர் விஷயத்தைச் சொன்னாள்.

"அம்மாகிட்ட மூச்சு வுடாத," என்றான். "அண்ணனுக்குப் பாத்த பொண்ணு காலாண்ட வெள்ள இருந்துதுன்னு, நிச்சயம் பண்ண வெத்தல பாக்கத் திருப்பிக் குடுத்துட்டு வந்தவங்க அவங்க. அவங்க உடம்புல வெள்ள விழுந்து, அது உன்னாலன்னு தெரிஞ்சா வூட்ல வெச்சிருப்பாங்களா?"

அன்று முதல் கஸ்தூரிக்குச் சோறு இறங்கவில்லை. தலைக்கு எண்ணெய் வைக்கிறேன் என்று அத்தையின் கழுத்தைப் பார்த்தாள். கால் அமுக்குகிறேன் என்று பாதத்தைப் பார்த்தாள். ஒரு நாள் எல்லம்மாளின் முழங்கையில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. கஸ்தூரிக்குப் பாதி உயிர் போய்விட்டது. பயந்து பயந்து தொட்டுப் பார்த்தால், ஒட்டியிருந்த மீன் செதில்.

"இன்னாடி என்னையே தடவிகினு இருக்க?"

"அழுக்கு அத்த."

அத்தோடு விட்டிருக்கலாம். எல்லம்மாள் மறுபடியும் கேக் கேட்டாள். கஸ்தூரி சாமர்த்தியமாக எண்ணெய் ஊற்றிச் சுட்டுக் கொடுத்தாள். ஒரு வாய் கடித்துவிட்டு அத்தை வைத்துவிட்டாள்.

"அன்னிக்கு மாரி இல்லயே. அன்னிக்கு எப்டி சுட்டியோ அப்டியே சுடு."

சரி, காலையில் மீன் படாத வாயில் கொடுத்துவிடலாம் என்று நினைத்து, தயிர் ஊற்றியே சுட்டு நீட்டினாள். எல்லம்மாள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மத்தியானம் மீன் குழம்பும் சோறும் தின்ற பிறகுதான் முடிச்சை அவிழ்த்தாள். அதற்கப்புறமும் ஒவ்வொரு வாட்டியும் அதே கதைதான்.

"இப்பவே துன்னுங்களேன் அத்த."

"சோத்துக்கப்புறம் துன்னாதான்டி ருசி."

கஸ்தூரி கும்பிடாத சாமி இல்லை.

மாசம் கடந்து ஒரு காலை, எல்லம்மாள் அறைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். "கதவ சாத்திட்டு வாடி."

சாத்தினாள். தாழ்ப்பாளையும் போட்டாள்.

"அந்தக் கேக்குல எண்ணெக்குப் பதிலா இன்னா ஊத்துன?"

பொய் வரவில்லை. "தயிர், அத்த," என்று அப்படியே உட்கார்ந்து அழுதாள். "வேணும்னு பண்ணல. என்ன எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிடாதீங்க."

எல்லம்மாள் இரண்டு கைகளையும் நீட்டினாள். புடவையை முழங்கால் வரை ஏற்றிக் காட்டினாள். "நல்லா பாரு. எங்கனா வெள்ள இருக்குதா?"

"இல்ல அத்த."

"நீ குப்பையில போட்ட தயிர் கவர மொத நாளே கோழி கெளறி வாசல்ல இழுத்துப் போட்டுச்சு. தெரிஞ்சேதான் துன்னேன். ஒவ்வொரு வாயும் உசுரக் கையில புடிச்சிகினு துன்னேன்."

"தெரிஞ்சேவா? ஏன் அத்த?"

எல்லம்மாள் மருமகளின் கையைப் பிடித்து இழுத்து, சுடிதாரின் முழுக்கையை மெல்ல மேலே சுருட்டினாள். பாக்யராஜ் ஊருக்குப் போன பிறகு வந்த, அவனிடம்கூடக் கஸ்தூரி சொல்லாத வெள்ளைத் திட்டு, முழங்கைக்கு மேலே வெளுத்துத் தெரிந்தது.

"நீ துணி மாத்தறப்போ பாத்துட்டேன். துன்னக் கூடாதத துன்னவளாச்சேன்னு உன்ன வெரட்டத்தான் இருந்தேன். அது நெசமான்னு மொதல்ல நானே துன்னு பாத்துடலாம்னு தோணிச்சு. ஒரு பொண்ண வேணாம்னுட்டு வந்த பாவமே போதும்டி. எழுந்திரு, டாக்டராண்ட போலாம். போயி அரக்கை சுடிதாரப் போட்டுகினு வா."