வெட்டியது போக

“ரெண்டாயிரத்து நானூறுங்களா? பைக்குக்குங்களா, பஸ்ஸுக்குங்களா?”

தனபால் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிரே மேசை போட்டு இன்சூரன்ஸ் பிடிக்க ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. கொட்டேஷன் தாளை மகுடேஸ்வரன் பக்கம் திருப்பி வைத்தார்.

மகுடேஸ்வரன் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். பனியன் கம்பெனி முதலாளி. ஒரு டீ-சர்ட் காஸ்டிங்கில் லேபிளுக்கு எவ்வளவு, நூலுக்கு எவ்வளவு என்று நோண்டி நோண்டி வெட்டுகிற கை. இங்கே மட்டும் சும்மா இருக்குமா?

பின்னால் நின்றிருந்த சரவணக்குமார் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டிதான் முதலாளியுடையது, ஓட்டுவது அவன். துணி ரோலைப் பின்னால் கட்டிக்கொண்டு சாயப்பட்டறைக்கும் கம்பெனிக்குமாக ஒரு நாளைக்கு எண்பது கிலோமீட்டர். போன மாதம் இதே மாதிரி தன் முதலாளி வண்டியில் ரோலோடு போன குன்னத்தூர் அருள்செல்வன், நாய் குறுக்கே வந்து விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தும் அவன் வீட்டுக்கு ஒரு ரூபாய் வரவில்லை.

“நமக்கும் அப்புடித்தானான்னு கேட்டுட்டு வாங்க” என்று மனைவி கோமளா காலையில் சொல்லித்தான் அனுப்பினாள்.

“இந்த ஜீரோ டெப்ரிசியேசன்ங்கறது என்னுங்க?”

“பிளாஸ்டிக் ஒடஞ்சா கழிக்காம முழுப் பணமும் வருமுங்க.”

“ஆறு வருச வண்டி. ஒடையறதுக்கு இனி என்ன பாக்கியிருக்குது?” சிவப்புக் கோடு.

“ரோட் சைடு அசிஸ்டன்ஸ்?”

“வழியில நின்னுபோச்சுன்னா ஆள் வந்து எடுத்துட்டுப் போவாங்க.”

“நின்னா சரவணன் தள்ளிக்கிட்டு வந்துருவான்.” சிவப்புக் கோடு.

வண்டியின் சொந்த சேதத்துக்கான வரியும் போனது. வண்டி மோதி அடுத்தவருக்கு அடிபட்டால் கொடுக்கிற தேர்டு பார்ட்டியில் பேனா வந்து நின்றது.

“அதுல கை வைக்க முடியாதுங்க. கவர்மெண்ட் வெச்ச ரேட்டு.”

“வேற கம்பெனில?”

“எங்க போனாலும் அதேதானுங்க.”

பேரமே பேச முடியாத ஒரு சாமான் உலகத்தில் இருப்பது மகுடேஸ்வரனுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. கடைசி வரிக்குப் போனார்.

“இந்தப் பதினஞ்சு லட்சம்?”

“பர்சனல் ஆக்சிடெண்ட்டுங்க. ஓட்டறவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா குடும்பத்துக்கு வரும். முன்னூத்திச் சொச்சந்தான்.”

சரவணக்குமார் ஒரு எட்டு முன்னால் வந்தான். “ஏனுங்க, அது ஆரு ஓட்டுனாலும் வருமுங்களா?”

“இல்லீங்க. ஆர்.சி.ல ஆரு பேரு இருக்குதோ, அவரு ஓட்டுனாத்தான்.”

மகுடேஸ்வரன் சரவணக்குமாரைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார்.

“நா இந்த வண்டியத் தொட்டே நாலு வருசம் ஆச்சுங்க.”

“உங்குளுக்குக் காருக்குப் போட்டதே போதுமுங்க. ஒருத்தருக்கு ஒண்ணுதான்.”

“அப்ப அதையும் வெட்டீருங்க.”

எண்ணூற்றுச் சொச்சத்தில் முடிந்தது. மகுடேஸ்வரன் முகத்தில் ஒரு எக்ஸ்போர்ட் ஆர்டர் பிடித்த களை.

அன்றைக்கு ராத்திரி சரவணக்குமார் சாப்பிட உட்கார்ந்தான்.

“கேட்டீங்களா?” என்றாள் கோமளா.

“கேட்டேன். ஆர்.சி.ல பேரு இருக்கறவருக்குத்தானாம். அதையும் வெட்டிட்டாரு. முன்னூறு ரூவா.”

“ஜனனிக்கு இப்பத்தான் மூணு வயசு” என்றாள். தூங்குகிற மகளுக்குப் போர்வையை இழுத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து முதலாளி முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டான். அந்த வாரமே ஆபீஸில் கணக்குப் பார்க்கும் சாரதாமணி ஆதார் ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு, நாலைந்து ஃபாரத்தில் கையெழுத்துக் கேட்டாள். பி.எஃப். விஷயமாக இருக்கும் என்று போட்டுக்கொடுத்தான். திருப்பூரில் ஃபாரத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் எவன்? “ஊட்டுக்காரம்மா பேரு கோமளாதானுங்களே?” என்றாள். ஆமாம் என்றுவிட்டு வந்தான்.

ஒரு மாதத்துக்குள் அவினாசிப் பக்கம் வேறொரு கம்பெனியில் பேசி முடித்தான். அங்கே வேன் ஓட்டுகிற வேலை. சனிக்கிழமை சம்பளத்துக்கு நிற்கும்போதே சொல்லிவிடுவது என்று வந்தான்.

“அடுத்த வாரத்துல இருந்து நின்னுக்கறனுங்க.”

மகுடேஸ்வரன் தலையை நிமிர்த்தவில்லை. ஏதோ ஒரு ஆர்டர் காஸ்டிங்கில் பட்டன் செலவை வெட்டிக்கொண்டிருந்தார்.

“ஏன், என்னாச்சு?”

“ஒண்ணுமில்லீங்க.”

“சரி. போறப்ப அந்தப் பைக்க எடுத்துட்டுப் போயிரு. அடுத்தவங்க வண்டிய நா எங்க நிறுத்தி வெக்கறது?”

கிண்டல் என்றுதான் நினைத்தான். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சாரதாமணி சம்பளக் கவரை நீட்டினாள். வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. பிரித்தான்.

சம்பளத்தோடு ஒரு ஆர்.சி. கார்டு. அதே வண்டி நம்பர். உரிமையாளர் என்ற இடத்தில் சரவணக்குமார், சேவூர்.

கூடவே மடித்த பாலிசித் தாள், அதுவும் அவன் பெயரில். வெட்டியதெல்லாம் வெட்டியபடியேதான் இருந்தது. ஒரு வரி மட்டும் திரும்ப வந்திருந்தது. பர்சனல் ஆக்சிடெண்ட், பதினைந்து லட்சம். நாமினி, கோமளா.

எழுத்து கலங்கித் தெரிந்தது.

“மொதலாளி...”

மகுடேஸ்வரன் அப்போதுதான் நிமிர்ந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“வழியில நின்னுபோச்சுன்னா நீயேதான் தள்ளோணும் கண்ணு. அதுக்கு நா பணம் கட்டுல.”