பத்தரை மணிக்கு வேலூர்

நான்காவது முறையாகச் சாவியைத் திருப்பினாள் எழிலரசி. செல்ஃப் நன்றாகவே அடித்தது. இன்ஜின் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை.

சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். இதற்கு மேல் அடித்தால் பேட்டரியும் இறங்கிவிடும்.

மணி எட்டே முக்கால். ஆம்பூரிலிருந்து வேலூர் கோர்ட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பத்தரைக்கு அவள் அங்கே சாட்சி சொல்லவேண்டும்.

பின் சீட்டில் ரஃபத் ஜஹான் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன், தோல் கம்பெனியின் கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பெடுக்க இறங்கி, விஷவாயு தாக்கி, உயிரோடு மேலே வராமல் போன சத்தாரின் மனைவி.

“அஞ்சு நிமிஷ வேலைதானே, எறங்குப்பா.” மாஸ்க் கேட்ட சத்தாரிடம் அப்படிச் சொன்ன குரலைக் கேட்டவள், அப்போது கம்பெனியின் டைம் ஆபீசில் வேலை பார்த்த எழிலரசி ஒருத்திதான். கேட்டதைப் போலீசில் சொன்னாள். அந்த வாரமே வேலை போயிற்று. அதற்குப் பிறகு இந்தப் பழைய காரை வாங்கி, நோயாளிகளை வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் பிழைப்பு.

போன வாய்தாவுக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போனார்கள். வேலூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ நான்கு பேர் சூழ்ந்துகொண்டு, அக்கா அக்கா என்று மரியாதையாகவே பேசி, கோர்ட் கலையும்வரை நகரவிடவில்லை. இன்றைக்கும் வராவிட்டால் அவள் சாட்சியம் இல்லாமலே வழக்கை முடித்துவிடுவார்கள் என்று வக்கீல் எச்சரித்திருந்தார்.

செல்ஃப் சத்தம் கேட்டு மாடியிலிருந்து அண்ணன் புகழேந்தி, அதே கம்பெனியின் சூப்பர்வைசர், இறங்கி வந்தான். எங்கோ கிளம்புகிறவன்போல வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அவனைப் பார்த்ததும் ரஃபத் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“இன்னா எழிலு, பேட்டரியா?”

“பேட்டரி நல்லாத்தான் இருக்கு. இல்லன்னா செல்ஃப் இந்த அடி அடிக்குமா?”

“பழைய வண்டி, பேஜார் பண்ணத்தான் செய்யும். மெக்கானிக் ஜான் பாஷாவுக்கு ஃபோன் போடறேன், மத்தியானமா வந்து பாப்பாரு. நீ வக்கீல்கிட்ட சொல்லி இன்னொரு வாய்தா வாங்கிக்க.”

“வாங்கமாட்டேன்.”

எழிலரசி இறங்கிப்போய் பானெட்டைத் தூக்கினாள்.

அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் புகழேந்திதான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒரு தடவைகூடக் கத்தாமல் கற்றுக்கொடுத்தான். கோளாறு பார்ப்பது மட்டும், வெயிலில் ஹைவே ஓரமாக நின்று நின்று அவளாகவே கற்றுக்கொண்டது.

இன்ஜின் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், ஒன்று பிளக்கில் பொறி வரவில்லை, இல்லை பெட்ரோல் வந்து சேரவில்லை. டேங்க்கை நேற்று சாயங்காலம்தான் நிரப்பியிருந்தாள். ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடித்தாள்.

“ரஃபத், சீட்டுல காதை வெச்சுக் கேளு. சாவியை பாதி திருப்பறேன். அடியில ‘உய்ய்’னு சத்தம் வருதா?”

ரஃபத் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

“இல்லக்கா. ஒண்ணுமே கேக்கல.”

அப்படியானால் டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் ஓடவில்லை. அதன் ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளே கம்பி அறுந்திருக்கவில்லை. திரும்பச் செருகிவிட்டு, ரிலேக்கள் இருக்கும் பெட்டியைத் திறந்தாள்.

வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தது. பம்புக்குக் கரண்ட் விடுகிற ரிலே அங்கே இல்லை.

ஓடுகிற வண்டியில்கூட அது தானாகக் கழன்று விழாது. பெட்டி மூடியின் தூசியில் இரண்டு விரல்கள் புதிதாகப் பதிந்திருந்தன.

எழிலரசி அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் பக்கம் திரும்பவில்லை.

“ரெண்டு பொம்பளைங்க தனியா போறீங்க” என்றான் புகழேந்தி. “கம்பெனிக்காரங்க சும்மா விடுவாங்களா? கேஸு முடிஞ்சாலும் இதே ஊர்லதான நீ இருக்கணும்?”

“இருப்பேன். இதே தெருவுல இருப்பேன்.”

ஹாரனுக்கான ரிலேயும் அதே அளவுதான். அதைப் பிடுங்கினாள். காலி இடத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள். உள்ளே போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

“கேக்குதுக்கா!” ரஃபத் பின்னாலிருந்து கத்தினாள். “இப்ப கேக்குது!”

செல்ஃப் ஒரே அடி. இன்ஜின் பிடித்துக்கொண்டது.

வண்டியை ஓடவிட்டபடி, பானெட்டைச் சாத்த மறுபடி இறங்கினாள். விரல்களில் அப்பியிருந்த மசியை முந்தானையிலேயே துடைத்தாள். கோர்ட்டுக்கு என்று எடுத்துவைத்துக் கட்டிய சேலை.

புகழேந்தி அங்கேயே நின்றிருந்தான். சட்டைப் பாக்கெட்டுக்குள் கையை விட்டு எடுத்து, அவள் முன்னால் நீட்டினான். உள்ளங்கையில் சின்னதாக, கறுப்பாக, அந்த ரிலே.

“ஹைவேல ஹாரன் இல்லாம போகாதம்மா.”

எழிலரசி அதை வாங்கினாள். அது அவன் உடம்புச் சூட்டோடு இருந்தது. ஹாரனுக்கான இடத்தில் அதைப் பொருத்திவிட்டு பானெட்டைச் சாத்தினாள்.

சுற்றி வந்து, முன்சீட்டின் இடதுபக்கக் கதவைத் திறந்து பிடித்தாள்.

“சாட்சிக்கு முன்னாடி அக்யூஸ்டைத்தான் கூப்பிடுவாங்க. ஏறுண்ணா.”