கொளுத்தக் கொளுத்த

தகர டிரம்முக்குள் இன்னொரு பெட்டி சி.டி.க்களைக் கவிழ்த்துவிட்டு, சபை மூப்பர் தீக்குச்சியைக் கிழித்தார். எல்லாம் கண்ணாடித்தாள்கூடப் பிரிக்காத புத்தம்புது சி.டி.க்கள். பிளாஸ்டிக் கருகும் நாற்றத்தில் சபையார் மூக்கைப் பொத்திக்கொண்டே அல்லேலூயா சொன்னார்கள்.

"கடைகள்ல ஒண்ணுகூட விட்டுப் போகலையே?" என்று கேட்டுக்கொண்டார் மூப்பர்.

சர்ச் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? அந்தக் கிறிஸ்தவ ராக் ஆல்பத்தின் அட்டையில் கிடாரோடு நிற்பவன் அவன். எரிக்கிறவர் அவனைப் பெற்ற அப்பா.

"ஆண்டவரைப் பாடினது ஒரு குத்தமாப்பா?"

"பாடினியா? கத்தின. பேய் பிடிச்சவன்கூட அப்படிக் கத்த மாட்டான். அதுக்கு டமடமன்னு டிரம்ஸ் வேற."

"உங்க காது செத்துப்போச்சு. ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு. முதல்ல போட்டது தீர்ந்து, திரும்பப் போட்டு, அதுவும் தீர்ந்து இப்ப மறுபடியும் போட்டிருக்காங்க. நீங்க எவ்வளவுதான் எரிப்பீங்கன்னு நானும் பார்க்கிறேன்."

"நீ போடப் போட நான் கொளுத்துவேன். இனிமே நீ என் பிள்ளையே இல்லடா."

அப்பாவும் பிள்ளையும் இப்படிக் குலாவிக்கொள்வது புதிதல்ல. ஆல்பம் முதலில் வந்தபோது அவனை வீட்டைவிட்டுத் துரத்தினார். ஒரு பாட்டைக் கூடுதலாகச் சேர்த்து, கிடாரின் சத்தத்தையும் கூட்டி மறுபடி வெளியிட்டபோது, அம்மா அவனோடு போனில்கூடப் பேசக் கூடாது என்று தடை போட்டார் அப்பா. இந்த மூன்றாவது வெளியீட்டில் உறவே அறுந்தது.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், வீடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக்கைக் கொளுத்தி எல்லாரையும் மூச்சுமுட்ட வைக்கிறார் என்று பெற்ற தகப்பன்மேல் புகார் கொடுத்தான். சாட்சிக்குப் பக்கத்து வீட்டு ஆஸ்துமாக்காரரையும் கையோடு கூட்டிப்போனான்.

இன்ஸ்பெக்டர் மூப்பரை வரவழைத்து, நாலு பேர் பார்க்க நிற்கவைத்தே விசாரித்தார். மூப்பரின் முகம் சுண்டிப்போனது.

"இனிமே எரிக்க மாட்டோம். அந்தக் கருமத்தை நானோ சபையோ கையால தொடக்கூட மாட்டோம். போதுமா?" என்றார், மகனைப் பார்க்காமலே.

"போதும். இனியாவது என் பாட்டு உயிரோட இருக்கட்டும்."

ஸ்டேஷன் படியில் இறங்கும்போது அப்பா தடுமாறினார். அவன் பார்த்தான். பிடிக்கப் போகவில்லை.

அங்கிருந்து பைக்கை விரட்டிக்கொண்டு ஆல்பம் கம்பெனிக்கு வந்தான். முதலாளியின் மேசையில் நான்காவது வெளியீட்டுக்கான அட்டைப்படம் தயாராக இருந்தது.

"வாங்க தம்பி. போன தடவை போட்டதுல ஒண்ணுகூடப் பாக்கியில்ல. அடுத்ததை அடிக்கச் சொல்லிடலாமா?" என்றார் முதலாளி, வாயெல்லாம் பல்லாக.

"இந்தத் தடவை ரெண்டு மடங்கு அடிங்க சார். எங்கப்பன் வாலை ஒட்ட நறுக்கிட்டு வந்திருக்கேன். இனிமே அவரும் எரிக்க மாட்டாரு, சபையும் எரிக்காது."

முதலாளியின் சிரிப்பு நின்றது. "விளையாடாதீங்க தம்பி."

"நிஜமாத்தான் சார். என் ஆல்பத்தைக் கையால தொடக்கூட மாட்டோம்னு இன்ஸ்பெக்டர்கிட்டயே சொல்லிட்டாரு. அந்தாளு கொட்டம் அடங்கிருச்சு."

முதலாளி அட்டைப்படத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். நாற்காலியில் தொப்பென்று சாய்ந்தார்.

"ஏன் சார், சந்தோஷப்படுவீங்கன்னு பார்த்தா இப்படி இடி விழுந்த மாதிரி உட்கார்ந்துட்டீங்க?"

"அப்ப இனிமே யாரு தம்பி வாங்குவா?"