வரிசைக்கு வெளியே

"கத்தோலிக்கனெல்லாம் வெளிய வாங்கடா!"

பிரான்ஸ் போர்முனையில் ஞாயிறுதோறும் ஆஸ்திரேலியப் படையின் சார்ஜன்ட் பொலார்டு இப்படித்தான் கத்துவார். கரும்பு வெட்டக் குவீன்ஸ்லாந்து வந்து, பிறகு பட்டாளத்தில் சேர்ந்த இரண்டு ஐரிஷ்காரர்கள் மட்டும் வரிசையை விட்டு வெளியே வருவார்கள்: டெர்மட், ஹியூ. மற்றவர்கள் புராட்டஸ்டன்ட் வழிபாட்டுக்குப் போய்விட, இவர்கள் கக்கூஸ் குழி வெட்டவேண்டும்.

போன வாரம் டெர்மட் குண்டடிபட்டுச் செத்தான். இன்று ஹியூ மட்டும் வெளியே வந்தான். வரிசையில் சிரிப்பு ஓடியது.

"ஒத்தக் குருவி! பேசாம உள்ள வந்து நில்லுடா. கார்ப்பரல் பதவிப் பட்டை வாங்கித் தர்றேன்."

"பட்டைய நீங்களே வெச்சுக்குங்க சார்ஜன்ட். மண்வெட்டி எங்க?"

மதியம், படைக்குப் புதிதாக வந்த கத்தோலிக்கப் பாதிரியார் குழியோரம் வந்து நின்றார்.

"விசுவாசம்னா இதுதாம்பா. மேல வா, ஒன் பாவத்தச் சொல்லு, பாவசங்கீர்த்தனம் கேக்குறேன்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது ஃபாதர். நான் பெல்ஃபாஸ்ட் புராட்டஸ்டன்ட்."

பாதிரியார் திகைத்துப்போனார். "அப்புறம் எதுக்குப்பா இந்த நாத்தத்துல கெடக்குற?"

ஹியூ மண்வெட்டியை மண்ணில் ஊன்றினான்.

"மொத ஞாயித்துக்கெழம டெர்மட் ஒருத்தன்தான் வெளிய வந்தான். அத்தன பேரும் சிரிச்சானுங்க. நான் போய் அவன் பக்கத்துல நின்னேன். அவன் போயிட்டான். சிரிச்சவனுங்க போகலியே, ஃபாதர்!"